தாத்தா ஊருக்குப் போகக் கார் பேசுகிறீர்களா?

சிலிம் ரிவர் – நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் தமிழ்நாட்டுப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். மதுரை, பழனி, இராமேஸ்வரம், வேளாங்கண்ணி என்றால் சுற்றுலா நிறுவனத்திடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் தாத்தா கப்பலேறி வந்த ஊரும் அங்குள்ள குலதெய்வக் கோயிலும் எந்தப் பேக்கேஜிலும் இருக்காது. அதற்குக் காரை நாமே பேச வேண்டும். இங்கே நாம் காடி என்போம். அங்கே 'வண்டி' என்று கேட்டால் உடனே புரியும்.

பலர் செய்வது இதுதான்: வாட்சாப்பில் இரண்டு பேரிடம் "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்று கேட்டு, குறைவாகச் சொன்னவரைப் பிடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து மொத்தச் செலவும் தெரியாது, பயணம் பத்திரமானதா என்பதும் தெரியாது.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தாத்தாவின் பழைய தாள்களில் 'திருச்சி ஜில்லா', 'சேலம் ஜில்லா', 'தென்னாற்காடு' என்று இருக்கும். அந்த மாவட்டங்கள் பல துண்டுகளாகப் பிரிந்துவிட்டன. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இராமநாதபுரத்திலிருந்து 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது. திருச்சியிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும், சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. ஆகவே 'திருச்சி ஜில்லா' என்று தாளில் இருக்கிற ஊர் இன்று கரூர் மாவட்டத்தில் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஊர்ப்பெயர். புதூர், புதுப்பட்டி, மேலூர் போன்ற பெயர்களில் தமிழ்நாடு முழுவதும் ஊர்கள் உண்டு. தாலுகா பெயர், அஞ்சலகப் பெயர், பக்கத்துப் பெரிய ஊரின் பெயர், இந்த மூன்றில் இரண்டாவது கையில் இருக்க வேண்டும். குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. "இந்த ஐயனார் கோயில் எந்தப் பக்கம்?" என்று டீக்கடையில் கேட்டால், கைப்பேசி வரைபடம் காட்டாத வழியையும் சொல்லிவிடுவார்கள். சொந்தக்காரர் யாராவது இன்னும் அங்கே இருந்தால், ஊரின் இருப்பிடத்தை வாட்சாப்பில் அனுப்பச் சொல்லி அதையே கார்க்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் பெரிய வேன் போகிற பாதையா, மழைக்குத் தாங்குமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இனி கணக்கு. வெளியூர்ப் பயணத்துக்குக் கார் பேசினால் பொதுவாக ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று வைப்பார்கள். 250 அல்லது 300 இருக்கும். நீங்கள் 90 கிலோமீட்டர் மட்டும் ஓடியிருந்தாலும் அந்த நாளுக்கு 250க்குப் பணம் கட்ட வேண்டும். ஓட்டுநருக்குத் தினப்படி தனி, அதை 'பேட்டா' என்பார்கள். டோல், பார்க்கிங், கேரளா அல்லது புதுச்சேரிக்குள் நுழைந்தால் பெர்மிட், மலை ஏறினால் மலைக்கட்டணம் எல்லாம் மேற்கொண்டு வரும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவைதான். உண்மை விலையை நீங்கள் விசாரிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 16 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், பேட்டா 500 ரூபாய். சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள், உங்கள் ஓட்டம் 640 கிலோமீட்டர். 640ஐ 16ஆல் பெருக்கி 10,240 ரூபாய்தானே என்று நினைத்தால் தவறு. நான்கு நாளுக்கு 1,000 கிலோமீட்டர், அதாவது 16,000 ரூபாய், பேட்டா 2,000, ஆக 18,000 ரூபாய்.

அடுத்து 'ஷெட் டு ஷெட்'. கார் அதன் சொந்த இடத்திலிருந்து கிளம்பித் திரும்பிச் சேரும் வரை ஓடியதெல்லாம் உங்கள் கணக்கில்தான். மதுரைக் காரைத் திருச்சி விமான நிலையத்துக்கு வரச் சொன்னால் போக வர சுமார் 270 கிலோமீட்டர் சேரும். மேலே சொன்ன கணக்கில் 640உடன் 270 சேர்ந்தாலும் 910தான். 1,000க்குள் அடங்குவதால் கூடுதல் பணம் கிடையாது. தனியாகக் கேட்டால் ஏன் என்று விளக்கம் கேளுங்கள். ஓட்டம் அதிகமுள்ள பயணமென்றால் திருச்சிக் காரே மலிவு.

மூன்றாவது நுணுக்கம் நாள் கணக்கு. பல இடங்களில் ஒரு நாள் என்பது 24 மணி நேரமல்ல, நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு விமான நிலையத்தில் கார் ஏறினால், அந்த ஒரு மணி நேரமும் ஒரு நாள். இப்போது ஐந்து நாளுக்கு 1,250 கிலோமீட்டர், 20,000 ரூபாய், பேட்டாவோடு 22,500. ஒரு மணி நேரத்துக்காக 4,500 ரூபாய் கூடுதல்.

பணம் போவதுகூடப் பெரிதில்லை. இந்தியாவின் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 11 மணி என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை 1.30. ஓட்டுநரோ பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்திருக்கலாம். குடும்பம் முழுவதும் பின்னால் தூங்க, ஒருவர் மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு 100, 150 கிலோமீட்டர் ஓட்டுவதை எந்த மலிவு விலைக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். திருச்சி விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அன்றிரவு ஒரு டாக்சி பிடித்துப் பக்கத்து விடுதியில் தங்கிவிட்டு, காலையில் பசியாறியபின் பேசிய காரை வரச் சொல்லுங்கள். ஒரு நாள் வாடகையும் மிஞ்சும், ஓட்டுநரும் தூங்கி எழுந்து வருவார்.

பயணத்தின் மற்ற நாட்களிலும் ஓட்டுநரின் தூக்கம் நம் பொறுப்புதான். அவர் படுக்க அறையோ ஓய்விடமோ உண்டா என்று விடுதியை முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அவர் காரிலேயே படுப்பார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவரையே கிளப்புவீர்கள். ஒரே நாளில் நான்கு கோயில் என்று பட்டியல் போடும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது கடினம்தான். ஆனால் பல கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதால், அவசரப்பட்டாலும் பெரிதாக மிச்சமாகாது. கிராமத்துக் கோயிலுக்குப் பூசாரியின் தொலைபேசி எண் அவசியம். சாவி அவரிடம் இருக்கும், அவர் வயலில் இருப்பார்.

எண் பலகையின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கானது. "நம்ம பையன் வண்டிதான், குறைச்சுக் கொடுப்பான்" என்று வெள்ளைப் பலகைக் காரை அனுப்புகிறவர்கள் உண்டு. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். மின்சாரக் கார் என்றால் பலகை பச்சை. அதில் மஞ்சள் எழுத்து வாடகை வண்டி, வெள்ளை எழுத்து சொந்த வண்டி.

கார் அளவில் ஏமாறாதீர்கள். இன்னோவாவில் ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் உட்காரலாம். ஆனால் ஆறு பேரின் பெட்டிகள் உள்ளே ஏறாது. மேலே கேரியர் உண்டா என்று கேளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் டெம்போ டிராவலர்தான் வசதி. கொடைக்கானலோ ஊட்டியோ போவதாக இருந்தால், 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கார்க்காரரையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நாமே ஓட்டிப் போகலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். இத்தாலியின் கிராமப்புறத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே கார் வாடகை என்றால் சாவி மட்டுமே. ஜேபிஜே தரும் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தோடு போய், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பழைய ஊர் மையங்களில் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடித்து, அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும். தமிழ்நாட்டில் நம்மைப் போல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் விளக்கில்லாத மாட்டு வண்டி, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள், ரோட்டிலேயே காயும் நெல் எல்லாம் உள்ளூர் ஓட்டுநருக்குத்தான் பழக்கம்.

கார்க்காரருக்கு இப்படி எழுதி அனுப்பலாம்: "வணக்கம் அண்ணே. மலேசியாவிலிருந்து வருகிறோம். பெரியவர்கள் ஐந்து பேர், பெரிய பெட்டி ஐந்து. மஞ்சள் போர்டு வண்டி வேண்டும். நான்கு நாள், காலை எட்டு மணிக்குத் தொடக்கம், இரவு எட்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் குறைந்தபட்சம்? எங்கிருந்து எங்கே வரை மீட்டர்? பேட்டா எவ்வளவு, ஓட்டுநர் சாப்பாடு அதில் சேர்ந்ததா? டோல் யார் கட்டுவது?" பதில் எழுத்தில் வரட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலம் பார்ப்பதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டா ஊர்களில் சாலைகளில் தண்ணீர் நிற்கும். சபரிமலைக் காலத்திலும் பொங்கலுக்கும் வேன் கிடைப்பது சிரமம். மகா சிவராத்திரிக்குத் தென்மாவட்டங்களில் ஊரே குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும், அதனால் இன்னும் முன்கூட்டியே பேச வேண்டும்.

கடைசியாக, நம் பக்கத்துப் பாதை. சிலிம் ரிவரிலிருந்து கேஎல்ஐஏ சுமார் 150 கிலோமீட்டர். இடிஎஸ் இரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து விமான நிலைய இரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். எல்லா இடிஎஸ் இரயிலும் சிலிம் ரிவரில் நிற்பதில்லை. நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் இங்கேயே உரிமமுள்ள வேன் ஒன்றைப் பேசுவது வசதி. திரும்பி வரும் விமானம் அதிகாலையில் இறங்கினால், இரவு ஷிப்ட் முடித்த மகனைக் கூப்பிட வரச் சொல்லாதீர்கள். திரும்பி வருவதற்கும் அந்த வேன்காரரிடமே சேர்த்துப் பேசிவிடலாம்.