பன்றிக்குட்டிக் கழிச்சல்: மருந்துக்கு முன் சாணப் பரிசோதனை

பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டதும் கைக்குக் கிடைத்த மருந்தைக் கொடுத்தால், ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்தையுமே இழக்க நேரிடலாம். பிறந்த சில நாட்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நீர்த்துக் கழிந்தால் ஈ.கோலை கிருமி காரணமாக இருக்கலாம். முதல் வாரத்தில் ரத்தமாகக் கழிந்து திடீரென இறந்தால் குளோஸ்டிரிடியம் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். பால் மறந்து வளரும் பன்றிகள் சளியும் ரத்தமுமாகக் கழிந்தால் சீதபேதியாக இருக்கலாம்.

இவை அடையாளங்கள் மட்டுமே; உறுதி செய்வது ஆய்வகச் சோதனைதான். புதிதாகக் கழிச்சல் கண்ட இரண்டு, மூன்று குட்டிகளின் சாணத்தை மலவாயிலிருந்தே சுத்தமான குப்பிகளில் தனித்தனியே எடுத்து, ஐஸ் கட்டிகளுக்கிடையே வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மருந்து கொடுத்த பின் எடுத்தால் கிருமி சோதனையில் தெரியாமல் போகக்கூடும். சாணம் எடுத்த கையைச் சோப்பால் நன்கு கழுவுதல் அவசியம்.