காய்ந்த கறையும் துணியும்

துணியிற் கறை கண்டவுடன் சவர்க்காரத்தையும் வெந்நீரையும் தேடுவது இல்லங்களில் வழக்கம். பல கறைகள் நிலைபெறுவதற்கு அவ்வவசரமே காரணமாகின்றது. கறை எப்பொருளால் ஆயது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மருந்து அதன் பின்னரே. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் அணியும் சீருடை வெண்மையானது. இரண்டு சட்டைகளைக் கொண்டே ஓராண்டைக் கழிக்கும் வீடுகளில், அகலாத ஒரு கறை சிறிய இழப்பன்று.

இரத்தம், பால், முட்டை ஆகியவற்றில் உள்ளது புரதம். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதை அறியாதார் இலர். வெந்நீர் பட்ட இரத்தமும் அவ்வாறே நூலிழைகளுக்குள் இறுகிக்கொள்கின்றது. ஆதலின் காய்ந்த இரத்தக் கறையை உப்பிட்ட குளிர்நீரிற் சில மணி நேரம் ஊறவிட்டு, நீர் கலங்குந்தோறும் மாற்றி, அதன் பின்னர் சவர்க்காரம் இடல் வேண்டும். நொதியம் கலந்த சலவைத் தூள் இதற்குப் பெரிதும் உதவும். ஆனால் பட்டும் கம்பளியும் தாமே புரதத்தால் ஆயவை. அத்தூள் அவற்றையும் அரித்துவிடும்.

தேநீர், வெற்றிலை, இளநீர், வாழைக் கயர் ஆகியவற்றின் இயல்பு வேறு. இவற்றில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. வாழையின் சாறு துணியிற் படும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றோடு கூடிய பின்னரே கபில நிறம் கொள்கின்றது. காலையிற் குலை வெட்டியவர் மாலையிற்றான் கறையைக் காண்கின்றார். சவர்க்காரத்தின் காரம் இத்தகைய கறையை மேலும் கருக்கச் செய்யும். இரும்பு கலந்த கிணற்று நீரும் அவ்வாறே செய்யும். முற்காலத்தில் எழுதும் மை துவர்ப்பையும் இரும்பையும் கூட்டிச் செய்யப்பட்டதை நினைத்தால் இதற்குக் காரணம் விளங்கும். எனவே வினாகிரி சிறிது கலந்த நீரில் முதலில் ஊறவிடுக. பின்பு நன்றாக அலசி, வெண்பருத்தித் துணியாயின், மருந்துக் கடையிற் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலைக் கறையின்மீது இட்டுச் சிறிது நேரம் விடலாம். தேநீர்க் கறை பெரும்பாலும் இதற்கு இணங்கும். பழைய வாழைக் கயர் முற்றாக நீங்கும் என உறுதி கூறுதல் அரிது. மங்கினாலே போதும் என்று அமைய வேண்டியதுதான்.

மஞ்சட் கறை சவர்க்காரம் பட்டதும் இரத்தச் சிவப்பாக மாறி, துவைப்பவரைத் திகைக்க வைக்கும். அஞ்ச வேண்டியதில்லை. காரம் பட்ட மஞ்சளின் நிறமாற்றம் அது; அலசினால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளுக்குப் பகை வெயில். கழுவிய துணியை ஈரத்தோடு வெயிலில் விரித்தால் இரண்டொரு நாளில் நிறம் வெளுத்துவிடும்.

கொடிக் கம்பியாலும் ஊசியாலும் ஏற்படும் துருக்கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் ஏற்றவை. கறை கரைந்ததும் புளி எஞ்சாதவாறு பலமுறை அலசுதல் அவசியம். துணியிற் காய்ந்த புளி பருத்தி நூலை நலியச் செய்யும்.

இனி, வெளிற்றும் தூளைப் பற்றி. 1799இல் சாள்ஸ் தெனன்ற் என்பார் ஸ்கொத்லாந்தில் இதற்கு உரிமை பெறுமுன், ஐரோப்பாவில் துணிகளைப் புளித்த மோரில் நனைத்தும், புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்தும் வெளுத்தனர். மாதங்களின் வேலையை நாழிகைகளில் முடிக்கும் பொருள் எளியதன்று. துருக்கறையில் இதனை இட்டாற் கறை மேலும் ஊன்றிக்கொள்ளும். பட்டும் கம்பளியும் பழுதாகும். யாவற்றினும் முதன்மையாக அறிய வேண்டியது, இதனைத் தேசிக்காய்ப் புளியோடேனும் வினாகிரியோடேனும் ஒருபோதும் சேர்த்தலாகாது என்பது. சேர்த்தாற் குளோரீன் வாயு எழும். 1915இல் பெல்சியத்தின் ஈப்பர்ப் போர்க்களத்திற் படைக்கலமாக ஏவப்பட்டது அவ்வாயுவே. கதவடைத்த குளியலறையில், இரண்டு மருந்தும் சேர்ந்தால் இரட்டிப்புப் பயன் என எண்ணிக் கலப்பவர் மூச்சுக்கே இடர் தேடிக்கொள்கின்றார்.

எம்மருந்தையும் மடிப்பின் உட்புறத்திலோ தையலின் ஓரத்திலோ சிறிது இட்டுப் பார்த்தல் நன்று. ஈரத்துணியிற் கறை மறைந்தாற்போலத் தோன்றும். ஆகவே காற்றில் உலர்த்தி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்த பின்னரே இஸ்திரிப் பெட்டியைக் கையிலெடுத்தல் வேண்டும். எஞ்சியிருப்பின் அதே முறையை மீண்டும் ஒருமுறை செய்யலாம். சூடு பட்டபின் அதற்கு இடமிராது.