உப்பிலே வாழும் செடியும் பறவையும்!

"உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீர வேண்டும்" என்பார்கள். ஆனால் உப்பு நீரிலேயே காலம் தள்ளும் உயிர்கள் உண்டு. ஒன்று செடி, அதன் பெயர் உமரி. மற்றொன்று பறவை, அதன் பெயர் பூநாரை.

இரண்டையும் கோடியக்கரைப் பகுதியில் பார்க்கலாம். 1930-ம் ஆண்டில் ராஜாஜியும் தொண்டர்களும் சட்டத்தை மீறி உப்பு எடுத்த வேதாரணியம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பூட்டி வைக்கும் செடி

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் நெற்பயிரை நட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் நின்றபடியே வாடிச் சாகும்!

உமரி சாவதில்லை. உப்பை உறிஞ்சி, இலைக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளில் பூட்டி வைக்கிறது. அந்த உப்பு தண்ணீரை இழுக்கிறது. அதனால் இலை தடித்துச் சதைப்பற்றாக இருக்கிறது.

கடலோர மக்கள் இந்த இலையை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கீரையாகச் சமைப்பார்கள். அப்படியே வாயில் போட்டால் கரிக்கும்!

வெளியே தள்ளும் பறவை

பூநாரை நாலு, ஐந்து அடி உயரம் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் வைக்கும். அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு உண்டு. தண்ணீர் வெளியேறும், சிறு பூச்சிகளும் பாசியும் உள்ளே தங்கும்.

கூடவே உப்பும் உடம்பில் சேருமே? அதற்கும் வழி இருக்கிறது. கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி, இரத்தத்திலிருந்து உப்பைப் பிரிக்கிறது. அந்த உப்பு நீர் மூக்குத் துவாரம் வழியாகச் சொட்டுகிறது!

இரண்டும் சிவப்பு

கோடையில் உமரி சிவக்கும். அந்தச் சாயத்தைச் செடியே உண்டாக்குகிறது. பூநாரையின் சிவப்போ தின்னும் இரையிலிருந்து வருகிறது. அதன் குஞ்சு சாம்பல் நிறம்தான்!

நமக்கு என்ன?

கோடியக்கரை 1967-ம் ஆண்டில் சரணாலயம் ஆயிற்று. 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும், "உவர் நிலம்தானே, எதற்கு உதவும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மழை நீரும் கடல் நீரும் வந்து போகும் வழியை அடைத்தால், நீரின் உப்பு அளவு மாறும். பாசியும் பூச்சியும் குறையும். பூநாரை வேறு இடம் தேடிப் பறந்துவிடும்.

உமரியால் பறக்க முடியாது. அந்த மண்ணை நம்பிப் பிழைக்கும் மக்களாலும் முடியாது!