ஓரிடத்தில் உட்காராத பிள்ளை

சென்ற வருஷம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டபிறகு, ஓர் அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். "ஸார், இவனை நான் அடிக்காத நாளே இல்லை. நீங்களும் அடியுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எட்டு வயதுப் பிள்ளையாண்டானோ, என் மேஜைமீதிருந்த சாக்குக்கட்டிப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அந்தப் பையனை அதற்கு முன் நானும் எத்தனையோ தடவை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். பட்டமும் உபாத்தியாயர் பயிற்சியும் பெற்ற எனக்கு, அது தண்டனையல்ல, அவனுக்கு நானாகக் கொடுத்த விடுமுறை என்று விளங்க வெகு நாளாயிற்று. அடிப்பது பற்றியோ சட்டமே பேசிவிட்டது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. தாயாரே அனுமதி கொடுத்தாலும் செல்லாது.

வைத்தியர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்பார்கள். கவனம் நிலைகொள்ளாமை, அடங்காத துடிப்பு, யோசிக்குமுன் செய்துவிடும் அவசரம் ஆகியவை இதன் லட்சணங்கள். இது புது நாகரிகத்தின் விளைவு என்று நினைப்பது தவறு. ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1840-களில் தம் மகனுக்காக எழுதத் தொடங்கிய சித்திரப் புத்தகத்தில், நாற்காலியை ஆட்டி ஆட்டி மேஜை விரிப்போடு சாப்பாட்டையும் கீழே சாய்த்துவிடும் பிலிப் என்ற பையன் வருகிறான். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் லண்டனில் நிகழ்த்திய உபந்நியாசங்களில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தார். வளர்ப்புக் குற்றமல்ல, மூளையின் வளர்ச்சியைச் சார்ந்த விஷயம் என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு. "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்று பாட்டி சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். பழியெல்லாம் தாயார் தலையில் விழும் வீட்டில் அந்த ஒரு வாக்கியம் பெரிய உபகாரம்.

ஆனால் துள்ளுகிற பிள்ளையெல்லாம் நோயாளியல்ல. பன்னிரண்டு வயதுக்குமுன் தொடங்கி, ஆறு மாதத்துக்குமேல் நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். எங்கள் எல்லைப் பிரதேசத்தில் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியில் தமிழ் கேட்டு, வகுப்பில் இங்கிலீஷ் படிக்கும் குழந்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாடம் புரியாமலும் இருக்கலாம். காதும் கண்ணும் சரியா, தூக்கம் போதுமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

பள்ளிகளுக்கு வரும் அரசாங்க வைத்தியக் குழுவினர், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி கவனிக்கவேண்டிய குறைபாடுகளில் இதுவும் ஒன்று. அவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் ரோட்டிலேதான். அங்கே குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற 'டெலி மானஸ்' தொலைபேசியில் தமிழிலேயே யோசனை கேட்கலாம்.

மருந்தைப்பற்றி வீண் பயம் வேண்டாம். மீதைல்பெனிடேட் என்பது தூங்கவைக்கும் மருந்தல்ல, கவனத்துக்குக் கைகொடுப்பது. பசியைக் குறைக்கக்கூடும், ஆகையால் எடையையும் உயரத்தையும் வைத்தியர் பார்த்துவர வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு மருந்துக்குமுன் பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பதே முறை.

இனி, வீட்டு விஷயம். கைக்கடிகாரமும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்து தேசமெங்கும் அனுப்பும் ஊர் எங்களுடையது. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு வாரம் போல மறுவாரம் இராது. தகப்பனார் காலை ஷிப்டு, பிறகு இரவு ஷிப்டு. இத்தகைய பிள்ளைக்கு வேண்டியதோ மாறாத தினசரி ஒழுங்கு. நானும் அந்த அம்மாளும் யோசித்து ஓர் அட்டை தயாரித்தோம். பல் துலக்குவது முதல் புத்தகப் பையை அடுக்குவது வரை படமாக வரைந்து சுவரில் மாட்டினார். அப்பாவுக்குக் காலை ஷிப்டு என்றால் மேலே சூரியன், இரவு ஷிப்டு என்றால் சந்திரன். பெரியவர்கள் மாறினாலும் அட்டை மாறாது.

ஒரு வேலையை முடித்ததும் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. பத்து சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போகலாம். கொட்டையை உடனே கொடுக்க வேண்டும்; "ராத்திரி தருகிறேன்" என்றால் பயனில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நாளைய லாபம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொடுத்த கொட்டையைக் கோபத்தில் பிடுங்கவும் கூடாது. முதல் வாரம் தகப்பனார் பிடுங்கிவிட்டார். பையன் டப்பாவையே வாசலில் வீசிவிட்டான்.

சமையலறையிலிருந்து நாலு கட்டளைகளைக் கூவிப் பிரயோஜனமில்லை. அருகில் போய், பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பதினைந்து நிமிஷத் துண்டுகளாக்கி, நடுவே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைக்கச் சொல்லலாம். வகுப்பில் நான் அவனை முன் பெஞ்சில் அமர்த்தி, கரும்பலகை துடைப்பதையும் நோட்டுக்களை விநியோகிப்பதையும் அவனுக்கே கொடுத்தேன். கால்களுக்கும் வேலை வேண்டுமல்லவா?

எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தனியே கஷ்டப்படுகிறானா என்பதையும் சோதிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு. கவனக் குறைபாடு பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் அந்தச் சான்றிதழைப் பொறுத்தவை.

போன மாதம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். பையன் இன்னும் வாரத்தில் இரண்டு நாள் நோட்டை மறந்துவிட்டுத்தான் வருகிறான். "அடிக்கிறீர்களா, அம்மா?" என்றேன். "இந்த மாசம் ஒரே ஒரு நாள், ஸார்" என்றார். பிறகு, வீட்டில் புளியங்கொட்டை தீர்ந்துவிட்டதாகவும், சந்தையில் கொட்டை எடுக்காத புளியாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கியிருப்பதாகவும் சொன்னார்.