கதையில் திருப்பம் எங்கே இருக்கு?



ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதையைப் படிக்கிறோம். அவள் வாழ்க்கை திரும்புகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? "இதுக்கு அப்புறம் அவளால் பழையபடி இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அதுதான் திருப்புமுனை.

விருதுநகர் மாவட்டத்து எழுத்தாளர் பாமா, தன் வாழ்க்கையையே 'கருக்கு' என்ற நூலாக 1992-ல் வெளியிட்டார். அதில் அவர் மூன்றாம் வகுப்புச் சிறுமி. அவங்க தெருப் பெரியவர் ஒருத்தர், பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கிட்டுப் போய் நிலக்காரரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு! வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். "நாம தொட்டால் தீட்டு என்று நினைக்கிறாங்க" என்று அண்ணன் விளக்குகிறார். சிரிப்பு போய் ஆத்திரம் வருகிறது. நல்லாப் படித்தால் இந்த இழிவைப் போக்கலாம் என்றும் அண்ணன் சொல்கிறார். அவளும் விடாமல் படித்து வகுப்பில் முதலாவதாக வருகிறாள்.

கவனிச்சீங்களா? பொட்டலத்தைப் பார்த்தது திருப்பம் இல்லை. அதன் அர்த்தம் புரிந்து, வழியும் தெரிந்த இடம்தான் திருப்பம். அதுக்கு வீட்டில் ஒருத்தர் சொன்ன வார்த்தை போதுமாக இருந்தது.

நம்ம குன்னம் பக்கத்து வீடுகளிலும் இது நடக்குது. "படிச்சது போதும், பருத்தி எடுக்க வா" என்பதும் திருப்பம்தான். "நீ மேல படி, நான் பார்த்துக்கறேன்" என்பதும் திருப்பம்தான். உங்கள் மகளிடம் எதைச் சொல்லப் போறீங்க? அடுத்த குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்.