17 வயசுல போட்ட அடிதடி... 21 வயசுல காக்கிச் சட்டைக்குத் தடையா?

எழுத்துத் தேர்வு பாஸ். உயரம் அளந்தாச்சு, மார்பளவு சரி. 1,500 மீட்டர் ஓட்டத்தையும் நேரத்துக்குள்ள முடிச்சாச்சு. கயிறு ஏறினப்போ உரிஞ்ச உள்ளங்கைகூட ஆறிடுச்சு. சர்ட்டிஃபிகேட் சரிபார்ப்பும் முடிஞ்சு, கையில ஒரு படிவம் வருது. அதுல ஒரு கேள்வி: `உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியிருக்கிறதா?'

பேனா அங்கேயே நிக்குது. ப்ளஸ் டூ படிக்கும்போது கோயில் திருவிழாவுல நடந்த கைகலப்பு ஞாபகத்துக்கு வருது. ஸ்டேஷன்ல பேர் எழுதினாங்க, அப்பா வந்து கையெழுத்துப் போட்டார், சில மாசம் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அலைஞ்சீங்க, எச்சரிச்சு அனுப்பிட்டாங்க. வீட்ல எல்லாரும் மறந்துட்டாங்க. போலீஸ் மறந்திருக்குமா?

இந்த இடத்துல நிக்கிறவங்க காதுல விழுற முதல் அட்வைஸ், ``இல்லைனு எழுதிடு மச்சி, யாருக்குத் தெரியப் போகுது!'' அந்த மச்சி பேச்சை மட்டும் தயவுசெஞ்சு கேட்காதீங்க. சட்டம் உண்மையிலேயே உங்க பக்கம் நிறைய நிக்குது. எதுல நிக்குது, எதுல கைவிடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பேனாவை எடுங்க.

முதல்ல வயசு. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதியில 18 வயசு முடியலைன்னா, சட்டத்தின் பார்வையில நீங்க குழந்தை. வழக்கு முடியும்போது 19 ஆகியிருந்தாலும் அது மாறாது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் உங்களுக்குப் பொருந்தும். அதன் கணக்குல, அதிகபட்சம் மூணு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனை உள்ள குற்றம் `சிறு குற்றம்'. சாதாரண அடிதடி, சின்னத் திருட்டு எல்லாம் பெரும்பாலும் இதுக்குள்ள வந்துடும். இந்த மாதிரி விஷயத்துல சிறார்மேல வழக்கமா எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் நாட்குறிப்புல எழுதிட்டு குழுமத்துக்கு அனுப்பணும்கிறது விதி. கூட ஒரு பெரியவரும் சேர்ந்து செஞ்சதா புகார் இருந்தா மட்டும் எஃப்.ஐ.ஆர் வரும். திருவிழாத் தகராறுல அண்ணன், மாமான்னு மொத்தமா பேர் சேர்த்துடுவாங்களே, அங்கதான் பல பசங்க மாட்டுறாங்க.

அதே சட்டத்தோட 24-வது பிரிவை மொபைல்ல சேமிச்சே வெச்சுக்கலாம். இந்தச் சட்டப்படி விசாரிக்கப்பட்ட குழந்தைக்கு, தண்டனையால வரக்கூடிய எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. வேற எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் சரி. மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்ச பிறகு அந்தப் பதிவுகளை அழிக்கவும் உத்தரவிடணும். 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள் அதுக்கு வெச்சிருக்கிற வரம்பு ஏழு வருஷம். விதிவிலக்கு ஒண்ணு உண்டு: 16 வயசு தாண்டினவர் கொடுங்குற்றம் செஞ்சு, குழந்தைகள் நீதிமன்றம் அவரைப் பெரியவர் மாதிரி விசாரிச்சு குற்றவாளின்னு முடிவு பண்ணியிருந்தா இந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்து 74-வது பிரிவு. முடிஞ்சுபோன சிறார் வழக்கு விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடவே கூடாதுன்னு அது சொல்லுது.

இவ்வளவு தெளிவா இருந்தா பிரச்னை எங்கிருந்து வருது?

தமிழ்நாட்டுல காவலர் நியமன விதி கொஞ்சம் கறார். காவல் சரிபார்ப்புக்கு முன்னாடி எந்தக் குற்ற வழக்குலயும் `சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது'ன்னு அது கேட்குது. சந்தேகத்தின் பலனை அளிச்சு விடுதலையானவரையும் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கலாம்னு ஒரு விளக்கமும் இருக்கு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அது செல்லும்னு சொல்லிடுச்சு. இதை வெச்சு, ``நாங்க தண்டனையைப் பார்க்கலை, நடத்தையைத்தான் பார்க்குறோம்''னு துறை வாதாட முடியும். வேடிக்கை என்னன்னா, இந்த வாதப்படி பார்த்தா தண்டனை பெற்ற பையனுக்கு 24-வது பிரிவு கைகொடுக்கும், விடுதலையான பையன் வெளியில நிப்பான்!

இதுக்கான பதில் உச்ச நீதிமன்றத்துல இருந்து வந்திருக்கு. சி.ஐ.எஸ்.எஃப்-க்குத் தேர்வான ஒரு இளைஞர்மேல 18 வயசுக்கு முன்னாடி ஒரு வழக்கு. அதுல விடுதலையும் ஆகிட்டார். ஆனாலும் வேலை தர மறுத்தாங்க. 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னுச்சு. சிறார் வயசுல தண்டனையே ஆகியிருந்தாலும் அந்தக் கறையை அழிக்கிறதுதான் சட்டத்தோட நோக்கம், அப்படியிருக்க நிரூபணமே ஆகாத குற்றச்சாட்டைக் காட்டி எப்படி ஒதுக்குவீங்கங்கிறதுதான் தீர்ப்போட சாரம்.

மறைச்சா என்ன ஆகும்? இதுக்கு 2016-ல் வந்த அவதார் சிங் வழக்குத் தீர்ப்புதான் இன்னிக்கும் அளவுகோல். படிவத்துல குறிப்பா கேட்டதுக்கு மட்டும்தான் நீங்க பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்கை மறைச்சிருந்தா, துறை அதைப் பெரிசுபடுத்தாம விட்டுடலாம். கவனிங்க, `விட்டுடலாம்'தான், `விட்டே ஆகணும்' இல்லை. அதேபோல உண்மையை எழுதிட்டாலே வேலை உறுதின்னும் அந்தத் தீர்ப்பு சொல்லலை. சீருடைப் பணின்னா கோர்ட்டும் கொஞ்சம் கூடுதலாவே எதிர்பார்க்குது.

மனசு வெச்சு எழுதின தீர்ப்பும் உண்டு. 20 வயசுல ஒரு அடிதடி வழக்கு, அதை டெல்லி போலீஸ் விண்ணப்பத்துல எழுதாம விட்டவருக்காக 2011-ல் உச்ச நீதிமன்றம் பேசினப்போ, ஒரு ரொட்டி திருடினதுக்காகக் காலம் முழுக்கத் திருடன்னு முத்திரை குத்தப்பட்ட ழான் வல்ழானை உதாரணம் காட்டுச்சு. நம்ம தாத்தா காலத்து `ஏழை படும் பாடு' படத்துல நாகையா நடிச்ச பாத்திரத்தோட மூலம் அது. 20 வயசுக்கே இந்தக் கருணைன்னா, 17 வயசுக்குச் சட்டமே எழுதி வெச்சிருக்கே!

சரி, படிவத்துல என்ன எழுதுறது? கேள்வியை வார்த்தை வார்த்தையா படிங்க. `வழக்கு நிலுவையில் உள்ளதா'ங்கிறது வேற, `எப்போதாவது பதிவானதா'ங்கிறது வேற. சிறார் வழக்கைச் சொல்லத் தேவையில்லைன்னு வாதாட இடம் இருக்கு. ஆனா, அந்த வாதத்தைக் கோர்ட்ல போய் ஜெயிக்க வருஷக்கணக்கா ஆகலாம். அதுக்குள்ள உங்க பேட்ச் பயிற்சி முடிச்சு பரேடும் போயிருக்கும். வயசு வரம்பும் கழுத்தைப் பிடிக்கும். அதனால, `எப்போதாவது'ன்னு கேட்டிருந்தா, நடந்ததை எழுதி, `சம்பவத்தின்போது சிறார், குழுமம் முடித்துவைத்தது, சட்டப்பிரிவு 24 பொருந்தும்'னு சேர்த்து, உத்தரவு நகலையும் இணைக்கிறதுதான் என் பார்வையில பாதுகாப்பான வழி. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வழக்கறிஞர்கிட்ட படிவத்தைக் காட்டிடுங்க.

நகல் கையில இல்லைன்னா இப்பவே குழுமத்துல மனு போடுங்க. தேர்வு முடியட்டும்னு காத்திருக்காதீங்க. பதிவை அழிக்க உத்தரவு போட்டாங்களான்னும் அப்படியே கேட்டுடுங்க. ஒருவேளை உத்தரவு போடாம விட்டிருந்தா, அதுக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். சிறு குற்ற விசாரணை, முதல்ல ஆஜரான நாள்ல இருந்து நாலு மாசம், நீட்டிச்சா இன்னும் ரெண்டு மாசம், அதுக்குள்ள முடியலைன்னா தானா முடிவுக்கு வந்துடும். உங்க வழக்கு அப்படிக் காத்துல கரைஞ்சதா இருந்தா, அதையும் எழுத்துல வாங்கிக்கோங்க.

சிலரோட கதை இன்னும் மோசம். 17 வயசுப் பையனை 19-னு எழுதி, பெரியவங்க கோர்ட்லயே வழக்கு நடந்திருக்கும். `அப்போ நான் சிறார்'னு எந்தக் கோர்ட்லயும், எந்தக் கட்டத்துலயும் சொல்லலாம், வழக்கு முடிஞ்ச பிறகும்கூட. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றுல உள்ள பிறந்த தேதியைத்தான் முதல்ல பார்ப்பாங்க. அது இல்லைன்னா மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தர்ற பிறப்புச் சான்று. ரெண்டுமே இல்லைன்னாதான் எலும்புப் பரிசோதனை.

வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவங்களுக்கு இலவசம். போன்ல கேட்க 15100. குழுமத்தோட உத்தரவு, பத்தாம் வகுப்புச் சான்று, படிவத்தோட ஜெராக்ஸ் மூணையும் எடுத்துட்டுப் போங்க.