ஈமக்கலங்களும் இன அடையாளமும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் தொன்மையை ஆராய்வோர் கதிரவெளியைக் குறிப்பிடத் தவறுவதில்லை. வாகரைக்கு வடக்கே அமைந்த அவ்வூரின் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், அங்கு அடக்கம் பெற்றோர் எவ்வினத்தவர் என்னும் வினாவை எழுப்புகின்றன. ஈமக்கலங்களைக் கொண்டு இவ்வினாவை விடுவித்தல் சாலுமா? தொலைவிலுள்ள ஓர் ஒப்புமை இங்கு நமக்குத் துணைசெய்யும்.

இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை, இறந்தோர் சிலருடன் கண்ணாடிக் குடிகலங்களையும் புதைத்தனர். இவற்றுட் சில அடி குவிந்தவை. பானத்தை முற்றாகப் பருகிய பின்னரே கீழே வைக்கத் தக்கவை. 1883இல் டாப்லோ புதைமேட்டில் இத்தகு கண்ணாடிக் கலங்கள் நான்கு, குடிகொம்புகளோடும் பொன்னணிகளோடும் கிடைத்தன. எனவே இவை செல்வத்தையும் விருந்தளிக்கும் அதிகாரத்தையும் சுட்டுவன எனலாம். ஆயின் அக்கண்ணாடியின் மூலப்பொருள் கிழக்கு மத்தியதரைக் கரையோரங்களில் உருக்கப்பட்டது. கலங்கள் பல ரைன் ஆற்றுப் பிரதேசப் பட்டறைகளில் ஊதப்பட்டவை. அதனால் அங்கு புதையுண்டோரை எகிப்தியர் என்று எவரும் கூறார்.

இனி நம் நாட்டை நோக்குவோம். மேற்குக் கரையிலுள்ள பொம்பரிப்பில் 1924இல் ஹோகாட்டும் 1970இல் விமலா பெக்லியும் அகழ்வு நடத்தினர். அங்குள்ள தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் சிறுகலங்களும் இருந்தன. அக்கலங்களுட் கறுப்புச்-சிவப்பு மட்கலங்கள் சிறப்பானவை. கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். இதே வகை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடும், அநுராதபுரம், கந்தரோடை ஆகியவற்றின் ஆதிக் குடியிருப்புப் படைகளிலும் காணப்படுகின்றது. ஆகவே இது தென்னிந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொண்ட தொழில்நுட்பத்துக்குச் சான்றாகும். சுட்டவர் பேசிய மொழிக்குத் தனித்துச் சான்றாகாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதிச் செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. அங்கு வாழும் மக்களைப் புறந்தள்ளி அவர்தம் மண்ணின் வரலாற்றை வரையறுக்க முனைவதை நாம் ஏற்க முடியாது. அதற்கு மறுமொழியாக ஓட்டுத்துண்டுகளைத் தமிழருக்கு மட்டும் உரித்தாக்குவதும் அதே தவற்றையே மறுபுறமாகச் செய்வதாகும். ஒரு மக்களின் வாழுரிமை, அவர்தம் முன்னோர் வனைந்த பானையில் தங்கியிருப்பதன்று.

கலத்தை வனைந்தவர் யார், அதனை உடைமையாகக் கொள்ள முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பனவே கதிரவெளியிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.